கல்லறைச் சுவரும் வரலாற்றுப் பாடமும்

ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை. செபமாலை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்தனர். மேல்நிலை இரண்டாம் ஆண்டில் வரலாற்றுப் பிரிவில் பயிலும் நம் பங்கு மாணவர் ஒருவர், பாடநூலின் நடுவே விரலை நுழைத்துப் பக்கத்தைப் பிடித்தபடி பங்கு இல்லத்துத் திண்ணைக்கு வந்தார்.

"ஃபாதர், நம்ம திருச்சபை காசு வாங்கிட்டுப் பாவமன்னிப்புச் சீட்டு வித்துச்சுன்னு புத்தகத்துல போட்டிருக்கு. உண்மையா?"

குருமடத்தில் கற்ற இறையியல் உடனே நம் துணைக்கு ஓடிவந்தது. அது பாவமன்னிப்பு அன்று. மன்னிக்கப்பட்ட பாவத்திற்கு எஞ்சி நிற்கும் தண்டனைக் கடனை நீக்கும் பலன். அதைப் பெறுவதற்குப் பாவசங்கீர்த்தனமும் மனத்துயரும் முன்நிபந்தனை. பாடநூலின் சொல்லாட்சி சரியன்று என்றெல்லாம் கால் மணி நேரம் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப காசு வாங்கலையா ஃபாதர்?"

வாங்கினோம். 1515இல் திருத்தந்தை பத்தாம் சிங்கராயர், உரோமையில் புனித பேதுரு பேராலயத்தைக் கட்டுவதற்கென அந்தப் பலனை அறிவித்தார். மைன்ஸ் நகரப் பேராயர் ஆல்பிரெக்ட் தம் பதவிக்காகச் செலுத்த வேண்டியிருந்த பெருந்தொகையை ஃபுக்கர் என்னும் வணிகக் குடும்பத்திடம் கடன் வாங்கியிருந்தார். செருமனி நாட்டில் திரண்ட காணிக்கையில் பாதி பேராலயத்திற்கு, மறுபாதி அந்தக் கடனை அடைக்க என்பது ஏற்பாடு. டெட்சல் என்னும் தோமினிக் சபைக் குரு ஊர் ஊராகப் போதித்தார். 1517இல் அகுஸ்தீனார் சபைத் துறவியாய் இருந்த மார்ட்டின் லூத்தர் அதை எதிர்த்து எழுதினார். அவர் சொன்னவை அனைத்தையும் நாம் ஏற்பதில்லை. ஆயினும் காணிக்கை தண்டுவோர் பதவியையே 1562இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் ஒழித்ததும், பணத்தோடு பிணைக்கப்பட்ட பலன்களை 1567இல் புனித ஐந்தாம் பத்திநாதர் இரத்து செய்ததும் எதற்காக? நோய் இல்லாத இடத்தில் மருந்து எதற்கு?

பதினேழு வயது மாணவர் ஒரு சொல்லில் விடை கேட்டார். "ஆம்" என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு விளக்கியிருக்கலாம். நாம் விளக்கத்தை முன்னே நிறுத்தி, அந்த "ஆம்" என்னும் சொல்லை அதன் பின்னே ஒளித்து வைத்தோம். நாம் சொன்னவற்றில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் உண்மைகளையே அடுக்கி உண்மையை மறைக்க இயலும் என்பதை அன்று அந்த மாணவரிடமிருந்து கற்றோம்.

வரலாற்றுப் பிரிவு என்றதும் நம் வீடுகளில் எழும் முகச்சுளிப்பை இங்கே ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய நாள் முதல், கணிதமும் அறிவியலும் கொண்ட முதல் பிரிவு அறிவாளிகளுக்கு, வரலாறு மதிப்பெண் குறைந்தோர்க்கு என்னும் எழுதாச் சட்டம் ஒன்று நிலவிவருகிறது. ஆண்டுதோறும் முடிவுகள் வெளியானதும் பெற்றோர் நம்மிடம் சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகின்றனர். "எப்படியாவது முதல் குரூப் வாங்கிக் கொடுங்க சாமி" என்பதே வேண்டுதல். இத்தனை ஆண்டுகளில் வரலாற்றுப் பிரிவுக்கென்று சிபாரிசு கேட்டு ஒருவரும் வந்ததில்லை. அதற்குச் சிபாரிசு தேவைப்பட்டதே இல்லை. நாமும் பல கடிதங்களில் கையொப்பமிட்டவர்தாம். பிறரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இன்னொரு புறம், அண்மைக் காலத்தில் மதுரை மக்களுக்கு வரலாற்றின்மேல் புதிய காதல் பிறந்திருக்கிறது. காரணம் கீழடி. நகரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில், வைகைக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு அடியில் ஒரு குடியிருப்பு புதைந்து கிடந்தது. 1970களில் அந்த ஊரின் பள்ளியில் வரலாறு கற்பித்த ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் வழியாகத் தெரியவந்த பழம்பொருள்களைச் சேர்த்து வைத்து உரியவர்களுக்குச் சொன்னார். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2014க்குப் பின்தான் முறையான அகழாய்வு தொடங்கியது. செங்கற் சுவர்களும் உறைகிணறுகளும் எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிவந்தன. கரிமப் பகுப்பாய்வின்படி அவற்றுள் பழையது கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று 2019இல் மாநிலத் தொல்லியல் துறை அறிவித்தது. 2023இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபின் நம் பங்கிலிருந்தும் இரண்டு பேருந்துகளில் மக்கள் சென்று வந்தனர். எல்லார் முகத்திலும் பெருமிதம். அதில் தவறேதும் இல்லை. நாமும் அந்தப் பானையோடுகளின் முன் நெடுநேரம் நின்றோம்.

பெருமை தரும் பழைமையைத் தேடி மண்ணைத் தோண்டும் நாம், வெட்கம் தரும் பழைமை மண்ணுக்கு மேலேயே நின்றாலும் அதைக் காண்பதில்லை. இந்த எண்ணம் நமக்கு அருங்காட்சியகத்தில் எழவில்லை. அதே மாணவர் இரண்டாம் முறை வந்தபோதுதான் எழுந்தது. அவரவர் ஊரின் வரலாற்றில் ஒன்றைத் தெரிந்துகொண்டு கட்டுரை எழுதிவருமாறு அவருடைய ஆசிரியை சொல்லியிருந்தார். பிற மாணவர்கள் கோவிலையும் கண்மாயையும் சந்தையையும் எடுத்துக்கொண்டனர். இவர் எடுத்துக்கொண்டது நம் கல்லறைத் தோட்டத்துச் சுவரை.

சுவர் என்றால் எல்லைச் சுவர் அன்று. தோட்டத்தின் நடுவே மார்பளவு உயரத்தில் ஓடும் சுவர். கிழக்கே ஒரு சாரார், மேற்கே ஒரு சாரார். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மழையில் அதன் நடுப்பகுதி சரிந்தது. சரிந்த செங்கற்களை எவரும் எடுத்து அடுக்கவில்லை, அகற்றவும் இல்லை. அடக்கம் மட்டும் இன்றும் பழைய வழக்கப்படி அந்தந்தப் பக்கத்திலேயே நடக்கிறது. மாணவர் மேற்கே அடக்கம் செய்யும் தெருவைச் சேர்ந்தவர்.

"சுவர் எந்த வருசம் கட்டினது, யார் கட்டினாங்கன்னு பழைய பதிவேட்டுல இருக்குமா ஃபாதர்? பார்க்கலாமா?"

"பதிவேடெல்லாம் பைண்டிங்குக்குப் போயிருக்கு தம்பி. வந்ததும் சொல்றேன்" என்றோம். அது பொய். பதிவேடுகள் நம் முதுகுக்குப் பின்னாலிருந்த அலமாரியில் இருந்தன.

ஏன் அப்படிச் சொன்னோம் என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தோம். அச்சம்தான். இரண்டு வாரம் கழித்துப் பங்குப் பேரவையில் நாமே இச்செய்தியை மெல்ல எடுத்தபோது அந்த அச்சம் வீண் அன்று எனத் தெரிந்தது. ஆண்டவருக்கு அஞ்சி நடக்கும் பெரியவர் ஒருவர், "ஆறின புண்ணைக் கிளறாதீங்க சாமி" என்றார். மற்றொருவர், "அது வெள்ளைக்காரச் சாமிமார் காலத்து ஏற்பாடு. நாம செஞ்ச பாவமா?" என்றார். முதல்வரின் சொல்லுக்கு விடை கூறுதல் எளிது: புண் ஆறிவிட்டதா என்று சொல்ல வேண்டியவர் புண்பட்டவர். இரண்டாமவரின் கேள்வி அவ்வளவு எளிதன்று. அது வரலாறு படிக்கும் எவரையும் விடாத அறநெறிக் கேள்வி. நாம் செய்யாத பாவத்திற்கு நாம் பொறுப்பாளிகளா?

முதலில் அந்தச் "சாமிமார் காலத்து ஏற்பாடு" என்ன என்று பார்ப்போம். 1606இல் தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலி மதுரைக்கு வந்தபோது, கடற்கரையிலிருந்து வந்த பரதவ கிறித்தவர்களுக்குப் பணிபுரிந்துகொண்டு கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபைக் குரு சுமார் பதினொரு ஆண்டுகளாக இங்கே இருந்தார். மதுரையின் உயர்குடியினர் அவரை அணுகவில்லை. பறங்கியரின் சமயம் தம் குலத்தைக் கெடுக்கும் என்று அவர்கள் எண்ணினர். நொபிலியார் காவி உடுத்தார், புலால் நீத்தார், தமிழும் தெலுங்கும் வடமொழியும் கற்றார், தனிக் குடில் அமைத்துத் தம் சபைச் சகோதரரோடு உடனுண்பதையும் தவிர்த்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமய அடையாளங்கள் அல்ல, குடிமை வழக்கங்களே என்பது அவர் வாதம். 1610இல் பெர்னாண்டஸ் முறையிட்டார். 1619இல் கோவாவில் விசாரணை நடந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் நிபந்தனைகளோடு அவ்வழக்கங்களை அனுமதித்தார்.

நம் குருமட வகுப்பில் இக்கதை வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டது. பண்பாட்டுமயமாதலின் தந்தை, தமிழ் உரைநடையின் முன்னோடி என்று குறிப்பெடுத்தோம். அவை உண்மையே. ஆயினும் அந்த 1623ஆம் ஆண்டு ஆவணத்திலேயே, குலப்பெருமை உடையோர் எளியோரை இழிவாக எண்ணாதிருக்க வேண்டும், சிறப்பாகக் கோவிலுக்குள் அவ்வாறு செய்யலாகாது என்று திருத்தந்தை உருக்கமாக மன்றாடுகிறார். அந்தப் பகுதியை நம் குறிப்பேட்டில் எழுதியதாக நினைவில்லை. மன்றாட்டு மன்றாட்டாகவே நின்றது. 1640களிலிருந்து தாழ்த்தப்பட்ட மக்களிடையே பணிபுரியப் பண்டார சாமிகள் என்னும் வேறு வகைக் குருக்கள் தோன்றினர். நோயுற்ற பறையர் குல மக்களின் வீட்டுக்குள் சென்று அருட்சாதனம் வழங்கக் குருக்கள் தயங்கியதைப் பற்றி உரோமை பலமுறை கண்டித்தது. 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் அவர்கள் இல்லங்களுக்குச் சென்றே ஆகவேண்டும் எனக் கட்டளையிட்டார். அதே ஆவணத்தில் அவர்களுக்கெனத் தனிக் குருக்களை ஒதுக்கும் திட்டத்தையும் ஏற்றுக்கொண்டார்.

நொபிலியார் நல்லவரா, தீயவரா? மாணவர் நம்மை இப்படியும் கேட்டதுண்டு. தேர்வில் வராத கேள்விதான். நாற்பது ஆண்டுகள் இந்த வெயிலில் வாழ்ந்து, சிறைப்பட்டு, கண்பார்வை மங்கி, 1656இல் மயிலாப்பூரில் இறந்த அந்த மனிதரின் தூய்மையை நாம் ஐயுறவில்லை. பறங்கிச் சமயம் என்னும் இழிவை நற்செய்தியின்மேலிருந்து துடைக்க அவர் விரும்பினார். ஆனால் அந்த நல்ல நோக்கத்தின் செலவை ஏற்றவர் அவரல்லர். கோவிலின் ஓரத்தில் நின்ற மக்கள் ஏற்றனர்; அவர்களிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. சாதி வெறும் குடிமை வழக்கமே என்னும் வாதம் ஒரு தலைமுறையில் கதவைத் திறந்தது. அடுத்த தலைமுறைகளில் அதுவே செங்கல் ஆயிற்று. ஒருவரைப் புனிதராக்கி வணங்குவதும் குற்றவாளியாக்கித் தள்ளுவதும் எளிது. இரண்டையும் செய்யாமல் அவரை முழுமையாக அறிந்துகொள்வதற்கே உழைப்பு வேண்டும். பதினேழு வயதில் அதைப் பழகுபவர், பிற்காலத்தில் தம் தந்தையையும் தம் தலைவரையும் தம் குருவையும் அப்படியே அறிந்துகொள்ளக் கூடும்.

பழியை வெள்ளைக்காரச் சாமிமார்மீது மட்டும் சுமத்துவதும் உண்மைக்குப் பொருந்தாது. நெல்லைச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில் 1872இல், ஒரே பீடத்தை நோக்கி இரு கால்கள்போல் பிரியும் இரு கூடங்களுடன் ஆலயம் எழுந்தது. வேளாளர் ஒரு புறமும் நாடார் முதலியோர் மறு புறமும் இருந்து பூசை காணவே அந்த அமைப்பு. 1910இல் கௌசானல் அடிகளார் என்னும் பிரெஞ்சுக் குருவே அந்தத் தடுப்பை இடிக்கச் செய்தார். அதைத் திரும்பக் கட்டித்தர வேண்டும் என்று நீதிமன்றம் சென்றவர்கள் நம் நாட்டுக் கிறித்தவர்கள். வழக்கு ஆயரை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்தது. சாதியின் பெயரால் கோவிலுக்குள் தனி இடம் கோரும் உரிமை இல்லை என்றே முடிந்தது.

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். எசேக்கியேல் இறைவாக்கினர் பதினெட்டாம் அதிகாரத்தில் தந்தையின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று ஐயத்திற்கு இடமின்றிக் கூறுகிறார். குற்றம் ஆள் சார்ந்தது. சுவர் கட்டியவரின் பேரனைக் குற்றவாளி என்று சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. ஆனால் நெகேமியா நூலின் ஒன்பதாம் அதிகாரத்தில், அடிமைத்தனத்திலிருந்து திரும்பிய மக்கள் எழுந்து நின்று தங்கள் பாவங்களோடு மூதாதையரின் தீச்செயல்களையும் அறிக்கையிடுகின்றனர். இவ்விரண்டும் முரண்படுகின்றனவா? நம் பக்கத்து வழக்கத்திலேயே இதற்கு ஓர் ஒப்புமை உண்டு. தகப்பன் விட்டுச்சென்ற வயலைப் பெற்றுக்கொள்பவர் அதன்மேல் உள்ள கடனையும் பெற்றுக்கொள்கிறார். கடன் வாங்கிய குற்றம் அவருடையதன்று. அடைக்க வேண்டிய கடமை அவருடையது. கடன் வேண்டாம் என்பவர் வயலையும் விட வேண்டும். வயலை மட்டும் வைத்துக்கொண்டு பத்திரத்தைக் கிழிப்பவரை ஊர் என்ன சொல்லும்? சுவருக்குக் கிழக்கே நிழலும் மேடும். மேற்கே மழை பெய்தால் தண்ணீர் தேங்கும் பள்ளம். அந்த மேட்டு நிலத்தில் இன்றும் இடம் பெறுவோர் பத்திரத்தையும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

ஆண்டவர் இயேசு மத்தேயு நற்செய்தியின் இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் இறைவாக்கினர்களின் கல்லறைகளை அழகுபடுத்துவோரைப் பற்றிப் பேசுகிறார். எங்கள் மூதாதையர் காலத்தில் நாங்கள் இருந்திருந்தால் அந்தக் கொலைகளில் பங்குகொண்டிருக்க மாட்டோம் என்பது அவர்கள் சொல். அப்படிச் சொல்பவரையே ஆண்டவர் மிகக் கடுமையாகச் சாடுகிறார். வரலாறு படிக்கும் எவருக்கும் அந்தச் சொல் நாவின் நுனியிலேயே இருக்கும். அதே நற்செய்தியாளர் தம் நூலை ஒரு வம்ச வரலாற்றோடு தொடங்கும்போது, தாவீதின் பெருமையை எழுதிய வரியிலேயே சாலமோனின் தாயை உரியாவின் மனைவி என்றும் எழுதிவைத்தார். அந்தப் பெயரை விட்டிருக்கலாம், பட்டியல் குறைந்துபோயிருக்காது.

திருச்சபையின் ஆட்சிபீடமும் இந்த வழியில் மெதுவாகவேனும் நடந்திருக்கிறது. பதின்மூன்றாம் சிங்கராயர் 1881இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளர்களுக்குத் திறந்தார். வரலாறு எழுதுவோர் பொய் சொல்லத் துணியவும் கூடாது, உண்மையைச் சொல்ல அஞ்சவும் கூடாது என்னும் பழைய உரோமை நெறியை 1883இல் தம் மடலில் நினைவூட்டினார். 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், திருச்சபையின் மக்கள் நூற்றாண்டுகளாகச் செய்த பிழைகளுக்காகப் பேதுரு பேராலயத்தில் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். 2003இல் தமிழக ஆயர்களைச் சந்தித்தபோது, தலித் மக்களைப் பிரித்துவைத்தல் கூடாது என்று அவரே அறிவுறுத்தினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. இத்தனையும் அறிந்த ஒரு பங்குத்தந்தை, அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு மாணவரிடம் பொய் சொன்னார்.

மார்கழியில் அந்த மாணவரை வரச்சொல்லி, பதிவேடுகள் எங்கும் போகவில்லை என்பதைச் சொன்னோம். அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும் ஃபாதர். அன்னைக்கே கண்ணாடி வழியாப் பார்த்தேன்" என்றார்.

முதலில் அடக்கப் பதிவேடு. இலத்தீனில் எழுதிய பக்கங்கள். 1877க்கு வந்ததும் வரிகள் நெருங்கி, மை மாறாமல் ஒரே நாளில் ஆறு, ஏழு பெயர்கள். அது தாது வருடப் பஞ்சம் மதுரைச் சமவெளியை உலுக்கிய காலம் என்று அவரே சொன்னார். பாடத்தில் படித்திருந்தார், பெயர்களோடு இப்போதுதான் பார்த்தார். ஒவ்வொரு பெயரின் ஓரத்திலும் சாதி. சுவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பிறகு நாம் இதுவரை பிரித்தே பாராத பழைய செலவுக் கணக்கு நோட்டை எடுத்தோம். கறையான் தின்றது போக எஞ்சிய ஒரு பக்கத்தில் தமிழில் இருந்தது: கல்லறைச் சுவர், செங்கல், சுண்ணாம்பு, கொத்தனார் கூலி. கொத்தனாரின் பெயர் உண்டு. அதன் கீழே, சுண்ணாம்பும் கல்லும் சுமந்த ஆட்கள் ஆறு பேர், மேற்குத் தெரு, அரைக் கூலி.

அவர் அந்த வரியின் அடியில் விரலை வைத்து நெடுநேரம் பேசாமல் இருந்தார். மேற்குத் தெரு அவருடைய தெரு.

"ஆறு பேருக்கும் பேர் போடலையே ஃபாதர்."

"போடலை தம்பி."

"ஆனா செத்தப்ப எழுதியிருப்பாங்கல்ல?" என்று சொல்லி, மூடிவைத்த அடக்கப் பதிவேட்டை மீண்டும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நாம் அதற்கு அடுத்த தொகுதியை எடுக்க அலமாரிக்குச் சென்றோம்.